பங்கு மக்கள் நடுவில் நடக்கட்டும் திருமுழுக்கு: குமரி மாவட்டப் பங்கு அருட்பணிப் பேரவைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் பங்கு அருட்பணிப் பேரவைத் துணைத்தலைவர்கள், செயலர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும், கடலோரப் பங்கு ஒன்றில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில், 22 ஆண்டுகளாக மறைக்கல்வி கற்பித்துவரும் ஒரு பெண் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, மறைக்கல்வி வருகைப் பதிவேடுகளை அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்காக நான் கோயிலிலேயே நின்றிருந்தேன். பதினோரு மணியளவில் ஒரு குடும்பத்தார் திருமுழுக்குக்காக, அதாவது ஞானஸ்நானத்துக்காக, பச்சைக் குழந்தையோடு உள்ளே வந்தார்கள். மொத்தம் பதினைந்து பேர் இருக்கலாம், அதில் நான்கு பேர் கேமராவோடு வந்தவர்கள். தீமையை விட்டுவிடுகிறீர்களா என்று அருட்பணியாளர் மூன்று முறை கேட்டபோது பதில் சொன்ன குரல்கள் இரண்டோ மூன்றோதான். மற்றவர்கள் மண்டபத்துக்குப் பிரியாணி வந்துசேர்ந்ததா என்று கைப்பேசியில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சிப்பியால் மூன்று தடவை தண்ணீர் ஊற்றி முடித்ததும் படம் எடுத்த இளைஞர், "ஃபாதர், பிள்ளை முகம் மறைஞ்சுபோச்சு, இன்னொரு தடவை ஊத்துங்க" என்று கேட்டார். அருட்பணியாளர் சிப்பியைத் தொட்டியின் விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது ஒரு தடவைதான் தம்பி" என்றார். அந்தத் தம்பிக்கு அது விளங்கவில்லை. பிள்ளையின் நம்பிக்கை வாழ்வுக்குத் துணையிருப்பதாக வாக்குக் கொடுத்து ஞானத்தாயாக நின்ற பெண்ணும், ஏன் முடியாது என்பதுபோலத் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு பங்கில் பிறக்கும் குழந்தையின் வாழ்வில் நடக்கும் முதல் அருளடையாளத்தை, கடவுளின் அருளைத் தரும் அந்தப் புனித நிகழ்வை, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு இருபது நிமிடத்தில் முடித்துக்கொடுக்கும் ஒரு குடும்பச் சடங்காக மாற்றிவைத்தவர்கள் நாம்தான். அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைத்த திருமுழுக்கில் எந்தக் குறையும் இல்லை. தண்ணீர் ஊற்றப்பட்டது, தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளின் பெயர் சொல்லப்பட்டது, கடவுள் தம் பங்கைச் செய்துவிட்டார். குறைபட்டது நாம் செய்ய வேண்டியது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீடும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடும் பெந்தெகொஸ்தே சபை வீடும் அடுத்தடுத்து இருப்பது புதிதல்ல. வகுப்பில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, பக்கத்து வீட்டு நண்பன் அவர்களிடம் கேட்ட கேள்வியாகவே இருக்கும்: "ஒன்றும் தெரியாத குழந்தைக்கு ஏன் ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள், விசுவாசம் இல்லாமல் தண்ணீர் மட்டும் என்ன செய்யும்?" அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்பவர்கள் திருமுழுக்கை மதிப்பதால்தான் கேட்கிறார்கள். நம் பதில் என்ன? கைக்குழந்தைக்குச் சொந்தமாக நம்பிக்கை அறிக்கை செய்யத் தெரியாது என்பதைத் திருஅவை, அதாவது நம் கத்தோலிக்கத் திருச்சபை, அறிந்தேதான் இருக்கிறது. பெற்றோரும் ஞானப்பெற்றோரும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் மொத்தத் திருஅவையும் அறிக்கையிடும் நம்பிக்கைக்குள் அந்தக் குழந்தை ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பெற்ற தாயின் மொழியை எவரும் தேர்ந்தெடுத்துப் பேசத் தொடங்குவதில்லை, அது வீட்டில் பேசப்படுகிறது, அதனால் பிள்ளைக்கும் வாய்க்கிறது, வளர்ந்தபின் தன்னுடையதாகிறது. நம்பிக்கையும் அப்படியே என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

ஆனால், பேரவையினரே, அந்த வீட்டில் யாருமே பேசவில்லை என்றால்? குழந்தைத் திருமுழுக்குக்கு நாம் சொல்லும் நியாயம் முழுவதும் கூடியிருக்கும் சமூகத்தின் நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அந்தச் சமூகத்தையே அனுப்பிவிட்டு, கதவைப் பாதி சாத்திய கோயிலில் அதை நடத்துகிறோம் என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கேள்விக்கு நம்மிடம் இருக்கும் ஒரே பதிலை நாமே கைவிடுகிறோம் என்று பொருள்.

நான் இதைப் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. என் இரண்டாவது மகன் ஏழரை மாதத்தில், நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் பிறந்தான். எடை 1 கிலோ 300 கிராம். இரண்டாம் நாள் இரவு அவனுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. என் கணவர் ரத்தம் ஏற்பாடு செய்ய வெளியே ஓடியிருந்தார். கண்ணாடிக்கு இப்பால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் இரவுப் பணி நர்ஸ் வந்து, "பிள்ளைக்கு பேரு ஏதும் நெனச்சிருக்கியளா அக்கா?" என்று கேட்டார். அவர் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். நான் பெயரைச் சொன்னேன். ஊசி கழற்றிய ஒரு சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, ஒயர்களுக்கு நடுவே கையை நுழைத்து, உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த நெற்றியில் மூன்று தடவை வழியவிட்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று அவர் சொன்னதைக் கண்ணாடி வழியே உதட்டசைவில் பார்த்தேன். பிறகு பஞ்சால் நெற்றியைத் துடைத்துவிட்டு அடுத்த குழந்தைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டார்.

பிள்ளை பிழைத்தான். நாற்பத்தைந்து நாள் கழித்துக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது, அன்றைய பங்குத்தந்தை இரண்டே கேள்விகள் கேட்டார்: தண்ணீர் தலையில் வழிந்ததா, என்ன வார்த்தைகள் சொல்லப்பட்டன? நேரில் கேட்க வேண்டும் என்று அந்த நர்ஸையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பின்பு அவர் மறுபடி தண்ணீர் ஊற்றவில்லை. உயிர் போகும் ஆபத்தில், திருஅவை செய்ய விரும்புவதையே செய்யும் எண்ணத்தோடு, எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். கொடுத்தது கொடுத்ததுதான், அழியாத முத்திரை இரண்டாவது முறை பதிக்கப்படுவதில்லை. பதிவேட்டில் 'திருமுழுக்குக் கொடுத்தவர்' என்ற பத்தியில் அந்த நர்ஸின் பெயரையே எழுதினார். அந்த வரியை நான் இன்றும் சில வேளைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவதுண்டு.

ஆனால், தண்ணீர் ஊற்றியாயிற்றே, இனி எதற்கு என்று அவர் விட்டுவிடவில்லை. விடுபட்ட சடங்குகளை ஞாயிறு திருப்பலியில், முழுப் பங்கின் முன்னால் நிறைவேற்றினார். உச்சந்தலையில் கிறிஸ்மா என்னும் அர்ச்சிக்கப்பட்ட எண்ணெய் பூசினார், வெள்ளாடை உடுத்தச் சொன்னார், உயிர்ப்புப் பெருவிழாவில் ஏற்றப்படும் பாஸ்கா திரியிலிருந்து மெழுகுதிரியை ஏற்றி என் கணவர் கையில் கொடுத்தார். தீமையை விட்டுவிடுகிறீர்களா என்று அவர் கேட்டபோது, கரைமடி வலை இழுக்கும் கூட்டத்தின் குரல்போல, முழுக் கோயிலும் 'விட்டுவிடுகிறோம்' என்றது. மருத்துவமனையில் யாரும் இல்லாமல் என் மகன் பெற்றுக்கொண்டதற்கு, ஊர் பின்னால் வந்து ஆமென் சொன்னது. அவசரத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது, நாள் பார்த்து, அழைப்பிதழ் அடித்து, மண்டபம் பிடித்துக் கொண்டுவரப்படும் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

நம் மண்ணில் திருமுழுக்கு எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1544-ஆம் ஆண்டின் இறுதியில் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில், ஒரு மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதுகிறார். அந்த எண்ணிக்கையை நாம் திருவிழா மறையுரைகளில் பெருமையோடு கேட்கிறோம். அதே கடிதத்தின் மறுபாதியை அவ்வளவாகக் கேட்பதில்லை: ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார், செபங்களை மக்களின் மொழியிலேயே கற்பித்தார், ஊரைவிட்டுப் போகும்போது அவற்றின் எழுத்துப்படியை விட்டுச்சென்று தொடர்ந்து சொல்லிவரச் செய்தார். நம் கடற்கரை ஊர்களில் இன்றும் முதியவர்கள் மரியாதையோடு சொல்லும் உபதேசியார் என்ற, செபமும் மறைக்கல்வியும் சொல்லித்தரும் பொறுப்பு இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. தண்ணீருக்குப் பின்னால் கற்பித்தல் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கற்பித்தல் தண்ணீருக்கு முன்னால் வந்ததற்கு நம் புனித தேவசகாயம் சாட்சி. 1712-இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டச்சுத் தளபதி டிலனாயின் நட்பால் கிறிஸ்துவை அறிந்த அவர், கற்றுத் தேர்ந்த பிறகே 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் அருட்தந்தை புட்டாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 33. லாசர் என்னும் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று சூட்டினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை அவர் திருமுழுக்குப் பெற்றவராக வாழ்ந்தது ஏழு ஆண்டுகள்கூட இல்லை, அதிலும் கடைசி மூன்று ஆண்டுகள் விலங்கோடு. 2022 மே 15 அன்று உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டதை நம் ஊர்களில் பெரிய திரை வைத்துப் பார்த்தோம். திருமணமாகி, இல்லறத்தில் வாழ்ந்த ஒரு பொதுநிலையினரின் திருமுழுக்கு எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு இதைவிட அருகில் ஒரு சான்று நமக்கு வேண்டுமா?

அவர் உயிரைக் கொடுத்ததன் ஒரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயர்ந்த குலம் என்று ஊர் மதித்த வீட்டில் பிறந்தவர், திருமுழுக்குக்குப் பின் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாகப் பழகினார். கிறிஸ்துவுக்குள் திருமுழுக்குப் பெற்றவர்கள் அவரையே உடுத்திக்கொண்டவர்கள், அங்கே யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக் குடிமகன் என்ற பிரிவு கிடையாது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை அவர் தம் வாழ்க்கையில் நடத்திக்காட்டினார். ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் சாதிக்கு ஒரு பகுதியாகக் கோயிலையே பிரித்து நடுவில் சுவர் வைத்தார்கள், பெரும் போராட்டத்துக்குப் பின்தான் அது இடிக்கப்பட்டது. குழந்தைக்கு வெள்ளாடை உடுத்தும்போது நாம் சொல்லும் வார்த்தைகளுக்கு இவ்வளவு பெரிய பொருள் இருக்கிறது. கடையில் வாங்கிய ஜரிகை கவுனுக்குமேல் ஒரு துண்டுத் துணியை அவசரமாகப் போர்த்தி எடுக்கும்போது அந்தப் பொருள் யாருடைய காதிலும் விழுவதில்லை.

ஞானப்பெற்றோரைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் பழுது அதிகம் இருப்பது அங்கேதான். ஞானத்தாய் சங்கிலி போட வேண்டும், ஞானத்தகப்பன் மோதிரமோ காப்போ போட வேண்டும் என்ற வழக்கம் நம்மிடையே எப்போது இறுகியது என்று தெரியவில்லை, ஆனால் இப்போது அது கல்யாணச் சீர்போல எதிர்பார்க்கப்படுகிறது. அதனால் வளைகுடாவில் இருக்கும் சித்தப்பாவைத் தேடுகிறோம், கோயிலுக்கு ஒழுங்காக வரும் ஏழை அத்தையை ஒதுக்குகிறோம். ஒரு வீட்டில் அந்த அத்தையே, "எனக்குப் போட வசதியில்லை, என்னைக் கேக்காதிய" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு நல்ல ஞானத்தாயாக இருந்திருக்கக்கூடியவர் அவர் ஒருவரே. திருஅவைச் சட்டம் கேட்பது வேறு: 16 வயது நிறைந்தவராக, உறுதிபூசுதல், நற்கருணை என்ற அருளடையாளங்களையும் பெற்ற கத்தோலிக்கராக, ஏற்கும் பொறுப்புக்குத் தக்க நம்பிக்கை வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும், பெற்ற தாயோ தந்தையோ ஆகக் கூடாது. இருவர் கட்டாயம் என்றுகூட இல்லை, ஒருவரே போதும். கலப்புத் திருமணக் குடும்பங்கள் நிறைந்த நம் மாவட்டத்துக்குப் பயன்படும் இன்னொன்றும் அதில் உண்டு: கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து, திருமுழுக்குப் பெற்ற சி.எஸ்.ஐ. உறவினர் சாட்சியாக நிற்கலாம். தங்கத்தைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஞானத்தாயாக நின்ற ஒரு பிள்ளை இருக்கிறான், என் மாமா பேரன். அரைப் பவுன் மோதிரம் போட்டேன், படத்தில் நின்றேன். அதன்பின் அவன் முதல் நற்கருணைக்கு ஒரு சட்டை அனுப்பினேன், அவ்வளவுதான். திருமண ஓலைக்காக, அதாவது கோயிலில் திருமண அறிவிப்பு வாசிப்பதற்காக, திருமுழுக்குச் சான்றிதழ் வாங்க வந்தபோதுதான் அதில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அது, அத்தை?" என்று கேட்டான். ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ஞாயிறுதோறும் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த எனக்கு, வாக்குக் கொடுத்து ஏற்ற ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு நாளாவது செபிக்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி என் மனத்தில் இன்னும் கிடந்து உறுத்துகிறது.

அடுத்தது வரிப்பாக்கி. எழுதத் தயங்கினேன், ஆனால் எழுதாமல் விட முடியவில்லை. பங்கு வரி நிலுவையைத் தீர்த்தால்தான் திருமுழுக்குக்குச் சீட்டு என்று ஒரு பங்கில் சொல்லி, கடல்தொழில் படுத்துக்கிடந்த மாதங்களில் ஒரு குடும்பம் ஏழு மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததை நான் அறிவேன். பங்கின் செலவுகள் எனக்குத் தெரியும், வரி கொடுப்பது நம் கடமை என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வறுமையின் காரணமாக எவருக்கும் அருளடையாளத்தின் உதவி மறுக்கப்படக் கூடாது என்று திருஅவைச் சட்டமே சொல்கிறது. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்றும் சொல்கிறது. கடமையைச் செய்ய வரும் பெற்றோரை நிலுவைக் கணக்கைக் காட்டி நிறுத்துவதற்குப் பேரவைக்கு எங்கிருந்து உரிமை வந்தது? தகப்பன் பெயர் சொல்ல முடியாத தாய்மார் கைக்குழந்தையோடு வரும்போது நடக்கும் விசாரணையும் இதே வகையைச் சேர்ந்தது. அந்தப் பிள்ளைக்கும் தண்ணீர் ஒன்றுதான், எண்ணெய் ஒன்றுதான். அந்த எண்ணெயை ஆயர் புனித வாரத்தில் எல்லாப் பங்குகளுக்குமாகச் சேர்த்துத்தான் அர்ச்சிக்கிறார்.

ஆகவே, பேரவைகளிடம் நான் கேட்பது இவை. மாதத்தில் ஒரு ஞாயிறு, பெரிய திருப்பலியிலேயே திருமுழுக்குக் கொடுக்கப் பங்குத்தந்தையோடு பேசி முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமையிலோ, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பிலோ கொடுப்பதே உகந்தது என்றுதான் திருஅவையும் பரிந்துரைக்கிறது. திருப்பலி அரைமணி நீளும் என்ற முறையீடு வரும். திருவிழா ஏலத்துக்கு ஒன்றரை மணி நேரம் நிற்கும் நமக்கு அது பாரமாக இராது. தொட்டியருகே ஒரு படக்காரர் போதும் என்று வரையறை செய்யுங்கள். கருவுற்ற தாய்மாரின் பெயர்களை அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியக் குழுக்களின் தலைவிகள் வழியாக அறிந்து, பிள்ளை பிறப்பதற்கு முன்னரே பெற்றோருக்கும், ஞானப்பெற்றோராக அழைக்கப்படுபவர்களுக்கும் இரண்டு மாலை வகுப்பு வையுங்கள். பிறந்த பிறகு தாய்க்கு உட்கார நேரமிருக்காது. அந்த வகுப்பில் சட்டங்களை வாசிக்க வேண்டாம். தண்ணீர் ஏன், எண்ணெய் ஏன், பாஸ்கா திரியிலிருந்து ஏற்றும் சுடர் ஏன், அதே திரி நம் சவப்பெட்டியின் அருகிலும் ஏன் எரிகிறது என்று விளக்கினால் போதும். நகை கேட்கக் கூடாது என்பதைப் பேரவைத் தீர்மானமாகவே போட்டுப் பலகையில் ஒட்டுங்கள். வசதியில்லாத அத்தைகளுக்கு அந்தத் தாள் ஒன்றே பெரிய ஆதரவு. திருமுழுக்குச் சீட்டையும் வரிப் புத்தகத்தையும் பிரித்து வையுங்கள், முடிந்தால் வேறு வேறு மேசையில்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்குத் திருவிழா வருகிறது. முந்தின ஆண்டில் பங்கில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகளை ஞானப்பெற்றோரோடு அன்றைய திருப்பலிக்கு அழைத்து, பெயர் வாசித்து, அந்த மெழுகுதிரியை மறுபடி ஏற்றச் சொல்லலாம். மெழுகுதிரி எங்கே போயிற்று என்று தேடுவதிலேயே சில வீடுகளில் பேச்சு தொடங்கும்.

எங்கள் பங்கில் பெற்றோர் வகுப்பை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நடத்த நான் அணியமாக இருக்கிறேன். மறைக்கல்வி அறையின் சாவி என்னிடமே இருக்கிறது. பக்கத்துப் பங்குகளில் அழைத்தாலும் பேருந்து ஏறி வருவேன். என் மாமா பேரனுக்கு வரும் தை மாதத்தில் முதல் பிள்ளை பிறக்கவிருக்கிறது. அவனையும் அவன் மனைவியையும் முதல் வகுப்புக்கு அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இறைவேண்டலுடன்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை,
கன்னியாகுமரி மாவட்டக் கடலோரப் பங்கு ஒன்றிலிருந்து.